இருமல் இயந்திரமும் பைபாப்பும்: கழுத்துத் தண்டுவடக் காயத்துடன் நான்கு ஆண்டுப் பயன்பாடு

நான் குறட்டை விடுவதில்லை என்று என் மனைவி பல ஆண்டுகள் உறுதியாகச் சொல்லிவந்தார். அதனால் எனக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடும் என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. 2014இல் ஓர் இருசக்கர வாகன விபத்தில் கழுத்தில் சி5 மட்டத்தில், அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஐந்தாம் மட்டத்தில், தண்டுவடம் முழுமையாக அடிபட்டது. அதன் பிறகு விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியைக் கயிறு கட்டி இறுக்கியது போன்ற வலியுடன் விழிப்பதும், காலைப் பலகாரம் முடிந்த அரை மணி நேரத்தில் சக்கர நாற்காலியிலேயே தலை தொங்கிப்போவதும் எனக்கு வழக்கமாகிவிட்டன. தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் மாத்திரையின் மயக்கம் என்றார்கள் சிலர். மனக்கவலை என்றார்கள் பலர். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஊரில் எல்லாரையும் போல நாங்களும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கினோம். ஒரு நாள் இரவு என் விரலில் மாட்டியதைக் கழற்ற மறந்து தூங்கிவிட்ட என் மனைவி, நடுவில் எழுந்து பார்த்தபோது அதில் 84 என்று காட்டியது. என்னை எழுப்பினார், எண் 96க்கு ஏறியது. நான் மறுபடி கண்ணயர்ந்ததும் இறங்கியது. அன்று விடியும்வரை அவர் தூங்கவில்லை.

அதன் பிறகு நான்கு ஆண்டுகளில் மூச்சுக்காகவும் உறக்கத்துக்காகவும் நாங்கள் வாங்கிய, வாடகைக்கு எடுத்த, பிறருடன் பகிர்ந்துகொண்ட பொருள்களைப் பற்றியும், பணம் கொடுத்துப் பெற்ற ஒரு சேவையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். எல்லாம் சொந்தப் பணத்தில் வாங்கியவை. கருவிகளின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். நான் வாங்கிய மாதிரிகளில் பாதி இப்போது கடையில் இல்லை. என் அனுபவம் கழுத்துக் காயம் பட்டவனுடையது. முதுகின் கீழ்ப்பகுதியில் அடிபட்டு, கைகள் நன்றாக இயங்கும் ஒருவருக்கு இதில் பெரும்பகுதி தேவைப்படாமல் போகலாம்.

எது ஏன் வேலை செய்கிறது என்று புரியாமல் கருவி வாங்கினால் பணம்தான் வீணாகும் என்பதால் உடற்கூறு பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் மட்டங்களிலிருந்து புறப்படுகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் உரிய நரம்புகள் அதற்கு வெகு கீழே, மார்பு மட்டத்தில் புறப்படுகின்றன. ஆகவே சி5 காயத்தில் மூச்சை உள்ளே இழுக்கும் முதன்மைத் தசை ஓரளவு பிழைத்துக்கொள்கிறது. வெளியே தள்ளும் தசைகள், அதாவது இருமும் தசைகள், அனைத்தும் போய்விடுகின்றன. மீதிக் குறையைப் பகலில் கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடித்து ஈடுகட்டுகின்றன. கனவு வரும் ஆழ்ந்த உறக்கத்தில் எல்லா மனிதருக்கும் உதரவிதானம் தவிர மற்ற மூச்சுத் தசைகள் தளர்ந்துவிடும். மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. எனக்கோ இருந்த ஒரே துணையும் அந்த நேரத்தில் கைவிட்டுவிடுகிறது. இதனுடன் தொண்டைத் தசைகளும் தளர்ந்து காற்றுவழி மூடிக்கொண்டால், குறட்டைச் சத்தம் எழுப்பக்கூட நெஞ்சில் விசை இருப்பதில்லை. என் மனைவி சொன்னது பொய்யில்லை. நான் சத்தமில்லாமல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தேன்.

முதலில் மிக மலிவான பொருளிலிருந்து தொடங்குகிறேன். வயிற்றுப் பட்டை, பிரசவத்துக்குப் பின்னும் குடலிறக்க அறுவைக்குப் பின்னும் கட்டிக்கொள்ளும் அதே நீட்சிப் பட்டை, மருந்துக் கடையில் 600 ரூபாய்க்கு வாங்கினேன். ஆஸ்துமாக்காரரும் இதய நோயாளியும் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விடுவார்கள். கழுத்துக் காயக்காரருக்கு இது தலைகீழ். உட்கார்ந்தால் வயிற்றுத் தசைக்குப் பிடிப்பு இல்லாததால் குடல் முன்னால் சரிகிறது. உதரவிதானம் அதனுடன் கீழே இறங்கித் தட்டையாகிவிடுவதால், இழுப்பதற்கு அதற்கு இடமில்லாமல் போகிறது. படுத்தால் குடல் மேலே தள்ளி, உதரவிதானம் குவிந்து, நன்றாக வேலை செய்கிறது. விபத்து நடந்த புதிதில் நான் சேர்ந்த ஒரு மருத்துவமனையில் மூச்சு வாங்குகிறது என்று சொன்னபோதெல்லாம் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள்; உயர்த்த உயர்த்த மோசமானது. பேசவும் முடியாத நிலையில் கண்ணால் கெஞ்சியதை இன்றும் மறக்கவில்லை.

பட்டையை விலாவின் கடைசி எலும்புக்குக் கீழிருந்து இடுப்பெலும்புவரை, நாற்காலியில் உட்காரும் முன்பே படுக்கையில் வைத்துக் கட்ட வேண்டும். விலா மேல் ஏறினால் பயனைவிடக் கெடுதல் அதிகம். கட்டிய முதல் நாள் என் அம்மா தொலைபேசியில், "இன்னிக்குக் குரல் தெளிவா இருக்குடா, என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். இந்தக் கட்டுரையைக் கைப்பேசியின் தமிழ்க் குரல்வழித் தட்டச்சில்தான் எழுதுகிறேன். பட்டை கட்டிய வேளையில் ஒரு பத்திக்கு இரண்டு மூன்று பிழைகள் வந்தால், கட்டாத வேளையில் பத்துக்கு மேல் வருகின்றன, காரணம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது காற்று தீர்ந்து குரல் அமுங்கிவிடுகிறது. குறை என்று சொன்னால், அடிவயிற்றில் துளையிட்டுச் சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவர்கள் பட்டை அந்தக் குழாயை மடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் மடங்கிச் சிறுநீர்ப்பை நிறைந்தால் எங்களைப் போன்றோருக்கு ரத்த அழுத்தம் திடீரென ஏறித் தலை வெடிப்பதுபோல வலிக்கும். அது உயிருக்கே ஆபத்து. எனக்கு ஒரு முறை நடந்தது. தையற்காரரிடம் கொடுத்து, குழாய் வரும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வெட்டி விளிம்பு அடித்து வாங்கியபின் நடக்கவில்லை.

அடுத்தது வீட்டுக்கே வந்து செய்யும் உறக்கப் பரிசோதனைச் சேவை. ஓர் இரவுக்கு 9,000 ரூபாய். வந்த இளைஞர் மரியாதையானவர். பொறுமையாக மூக்கிலும் மார்பிலும் விரலிலும் கம்பிகளை ஒட்டினார். ஆனால் என் போன்ற உடலை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை என்பது உடனே தெரிந்தது. "சார், நைட் டாய்லெட் போகணும்னா இந்த ஒயரை மட்டும் கழட்டிட்டு எழுந்து போங்க" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைப் புரட்டிப் படுக்க வைக்கும் முறை இரவு இரண்டு மணிக்கு வந்தபோது மார்புப் பட்டை நகர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஆள் இல்லை. எங்களுக்கு முக்கியமான ஓர் அளவை, ரத்தத்தில் தேங்கும் கரியமில வாயு எவ்வளவு என்பதை, அந்தப் பரிசோதனையில் எடுக்கவே இல்லை. அறிக்கையில் மணிக்கு 38 முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று இருந்தது. மணிக்கு 30க்கு மேல் என்றால் கடுமையானது. கடைசிப் பக்கத்தில் பரிந்துரைகள்: உடல் எடையைக் குறைக்கவும், மல்லாந்து படுப்பதைத் தவிர்க்கவும், தினமும் 45 நிமிடம் நடக்கவும். என் மனைவி அதைச் சத்தமாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். இருவரும் சிரித்தோம், வேறு என்ன செய்வது. எண்ணுக்காக இந்தச் சேவையைப் பயன்படுத்தலாம், பரிந்துரைக்காக அல்ல. இயன்றவர்கள் மருத்துவமனையில் தங்கி, கரியமில வாயு அளவும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. காலைத் தலைவலி இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

பைபாப் பற்றி இனி. மூச்சுத்தடைக்குப் பொதுவாகத் தரும் சிபாப் கருவி, முகத்தில் மாட்டும் மாஸ்க் வழியே ஒரே அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை மூடாமல் பிடித்துவைக்கும், அவ்வளவே. பைபாப், மூச்சை இழுக்கும்போது அழுத்தத்தைக் கூட்டியும் விடும்போது குறைத்தும் மூச்சுத் தசைக்குக் கைகொடுக்கும். தொண்டை மட்டுமே பிரச்சினை என்றால் சிபாப் போதும். இழுக்கும் தசையும் பலவீனம் என்றால் பைபாப் தேவை. எனக்கு நுரையீரல் மருத்துவர் உள்மூச்சுக்கு 14, வெளிமூச்சுக்கு 6 செ.மீ. நீரழுத்தம் என்று நிர்ணயித்து, நான் இழுக்க மறந்தாலும் நிமிடத்துக்கு 12 மூச்சு தானாகத் தரும்படி அமைத்தார். இவை எனக்கானவை, அடுத்தவருக்குப் பொருந்தாது.

விற்பனையாளர்கள் சொல்வதுபோல் இது மூளையையே மாற்றிவிடும் என்று நம்ப வேண்டாம். மெல்பர்ன் ஆய்வாளர்கள் தலைமையில், புதிதாகக் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குப் பல மருத்துவமனைகளில் மூன்று மாதம் சிபாப் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. பகல்நேரத் தூக்கச் சோர்வு குறைந்தது. ஆனால் கவனமும் சிந்தனை வேகமும் எதிர்பார்த்தபடி மேம்படவில்லை. என் அனுபவமும் கிட்டத்தட்ட அதுவே. காலைத் தலைவலி பத்து நாளில் போய்விட்டது. நாற்காலியில் தலை தொங்குவது இரண்டு மாதத்தில் நின்றது. மறதி அப்படியே இருக்கிறது. அது வயதாகவும் இருக்கலாம்.

மாஸ்க் விஷயத்தில்தான் எங்களுக்குப் பாடம் கிடைத்தது. கடைக்காரர் முதலில் தந்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க். பெரும்பாலோருக்கு அதுதான் வசதி, காற்று கசியாது. கையை முகத்துக்குக் கொண்டுபோய் அதைக் கழற்ற இயலாத ஒருவருக்கு அது ஒரு கண்ணி. இரவில் வாந்தி வந்தால் அது மாஸ்க்குக்குள்ளேயே தேங்கும். அடுத்து வரும் காற்றழுத்தம் அதை நேராக நுரையீரலுக்குள் தள்ளும். இதை எனக்குக் கடைக்காரர் சொல்லவில்லை. கருவியை எழுதிக்கொடுத்தவரும் சொல்லவில்லை. பக்கத்து ஊரில் என்னைப் போலவே கழுத்துக் காயத்துடன் இருக்கும் ஒரு நண்பர்தான் அடுத்த நாளே தொலைபேசியில் எச்சரித்தார். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்குக்கு மாறினேன். வாய் திறந்திருப்பதால் குரல் கொடுக்கலாம், கைப்பேசியைக் குரலாலேயே இயக்கி அடுத்த அறைக்கு அழைக்கலாம். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. கழுத்துக் காயத்தில் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் நரம்பாட்சி அறுந்துபோவதால் மூக்கின் உட்சவ்வு வீங்கியே இருக்கும். எனக்குச் சளி பிடிக்காத நாளிலும் மூக்கு அடைத்திருப்பதன் காரணம் அதுதான் என்று இந்த மாஸ்க் வாங்கிய பின்புதான் தெரிந்துகொண்டேன். படுக்கும்முன் உப்புநீர்ச் சொட்டு மருந்து இடாமல் என்னால் மூக்கு மாஸ்க்கில் ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை. முதல் வாரம் இரவுக்கு இரண்டு மணி நேரம், மூன்றாம் மாதம் ஆறு மணி நேரம் என்று கருவியின் கணக்கு காட்டுகிறது.

வேறு சில குறைகளும் உண்டு. மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் அந்த ஒரு நொடியில் என் முதல் கருவி அணைந்துவிடும். தானாகத் திரும்ப ஓடாது, ஒலியும் எழுப்பாது. கோடையில் இரவு இரண்டு முறை மின்தடை வரும் ஊரில் இது சிறு குறையன்று. கணினிக்கு வைக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை இடையில் வைத்துச் சரிசெய்தோம். காற்றை ஈரப்படுத்தும் சூடான நீர்த்தொட்டி மின்கலத்தை வெகுவேகமாகத் தின்னும் என்பதால் மின்தடை நேரத்தில் அதை நிறுத்திவிடுகிறோம். சித்திரை, வைகாசி மாதங்களில் அதைத் தொடுவதே இல்லை. காயத்துக்குக் கீழே வியர்க்காத உடலுக்குச் சூடான காற்று ஒரு தண்டனை. பூஜை அறையில் ஊதுபத்தி ஏற்றினால் கருவியின் வடிகட்டி இரண்டு வாரத்தில் கறுத்துவிடுகிறது. இப்போது அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் கற்பூரத்தோடு நிறுத்திக்கொள்கிறார். பயன்படுத்திய பழைய கருவி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒலியைக் குறைக்க உள்ளே வைத்த பஞ்சு சிதைந்து துகள்கள் மூச்சில் கலக்கக்கூடும் என்ற காரணத்தால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூன் மாதம் தன் சிபாப், பைபாப் கருவிகளில் பலவற்றை உலகெங்கும் திரும்பப் பெற அறிவித்தது. வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் அந்தக் காலத்துக் கருவியை எவரிடமும் வாங்கக் கூடாது.

உறக்கத்துக்கு வாங்கியது பைபாப் என்றாலும், எங்கள் வீட்டில் எல்லாரையும் நிம்மதியாகத் தூங்கவைத்தது இருமல் இயந்திரம். இதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டதை நான் பார்த்ததில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கழுத்துக் காயக்காரருக்கு நெஞ்சுச் சளி இரட்டைத் தொல்லை. இருமத் தசை இல்லை என்பது ஒன்று. மூக்கை வீங்க வைக்கும் அதே நரம்புச் சமநிலைக் குலைவு மூச்சுக்குழாய்களிலும் சளியை அதிகமாகச் சுரக்க வைக்கிறது என்பது மற்றொன்று. சாதாரணச் சளி எனக்கு நான்காம் நாளில் நிமோனியாவாகிவிடும். 2021 வரை ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூக்குவழிக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். அந்த வேதனையை எழுத விருப்பமில்லை. உறிஞ்சும்போது இதயத் துடிப்பு சட்டென்று குறைந்து கண் இருட்டும் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இருமல் இயந்திரம் ஒரு மாஸ்க் வழியாக நுரையீரலுக்குள் காற்றை அழுத்தி நிரப்பும். நிரம்பிய கணத்தில் அதே வேகத்தில் வெளியே உறிஞ்சும். அந்தத் திடீர் மாற்றம் ஓர் இருமலாகிறது. புதிய கண்டுபிடிப்பு என்று விற்பனையாளர்கள் அறிமுகப்படுத்தினாலும் இது 1950களில் போலியோவால் மூச்சுத் தசை செயலிழந்தவர்களுக்காகச் செய்யப்பட்டது; தொண்டையில் துளையிட்டுச் சளியை உறிஞ்சும் பழக்கம் பரவியதும் மறக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்து மீண்டும் சந்தைக்கு வந்தது. நாங்கள் உள்ளிழுப்புக்கும் வெளியிழுப்புக்கும் 20 செ.மீ. நீரழுத்தத்தில் தொடங்கி மூன்று வாரத்தில் 40க்கு ஏற்றினோம். ஐந்து மூச்சு, அரை நிமிட ஓய்வு, இப்படி நான்கைந்து சுற்று. காலையில் ஒரு முறை, இரவு பைபாப் மாட்டும் முன் ஒரு முறை. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வெளியே இழுக்கும் அந்தக் கணத்தில் என் மனைவி தொப்புளுக்கு மேல் இரு உள்ளங்கைகளையும் வைத்து உள்ளும் மேலுமாக ஓர் அழுத்து அழுத்துவார். கருவியின் ஒலியைக் கேட்டுத் தாளம் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் ஆனது; இப்போது தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே சரியான கணத்தில் அழுத்துகிறார். முதல் முறை சரியாக வந்தபோது தொண்டைக்கு ஏறிய சளிக்கட்டி மஞ்சளும் பழுப்புமாக, ஒரு புளியங்கொட்டை அளவு இருந்தது. அதன் பிறகு இழுத்த மூச்சு நெஞ்சின் அடிவரை போனதை உணர்ந்தேன். அப்படி உணர்ந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதை அளந்தும் பார்க்கலாம். ஆஸ்துமாக்காரர்கள் ஊதிப் பார்க்கும் சிறிய பீக் ஃப்ளோ மீட்டரில், ஊதுவதற்குப் பதிலாக இருமினால் இருமலின் வேகம் தெரியும். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இருந்தால் சளிக்காலத்தில் ஆபத்து என்றும், 160க்குக் கீழே இருந்தால் சளியை வெளியேற்றவே இயலாது என்றும் மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். என்னுடைய சொந்த இருமல் 140. மனைவி வயிற்றை அழுத்தினால் 210. கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையால் மூன்று நான்கு மூச்சை விடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிரப்பிக்கொண்டு, பிறகு அழுத்தினால் 280. இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும்: சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு ரப்பர்ப் பையும் பழகிய இரண்டு கைகளும் சேர்ந்து ஆபத்து எல்லையைத் தாண்டவைக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையத்தில் தங்கியிருந்த நாள்களில் கையால் அழுத்தி இருமவைக்கும் முறையை என் மனைவிக்குப் பொறுமையாகக் கற்றுத்தந்தார்கள். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் உருவாக்கிய நிலையம் அது. வீடு திரும்பிய ஓராண்டில் நாங்கள் அதைச் சோம்பலால் கைவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இயந்திரத்தின் பெரிய குறை விலை. எங்களுக்குச் சொன்ன விலை நான்கு லட்சத்துக்கு மேல். மாவட்டத்துக்குள் வாடகைக்குத் தருவோரும் இல்லை. கழுத்துக் காயம் பட்ட மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினோம். குழாய், மாஸ்க், கிருமி வடிகட்டி மூன்றும் அவரவருக்குத் தனி, கருவி மட்டும் பொது. சாதாரண நாள்களில் முறை வைத்துக்கொள்கிறோம். யாருக்குச் சளி பிடித்தாலும் அன்றே கருவி அந்த வீட்டுக்குப் போய்விடும், அதுவரை மற்ற இரண்டு வீட்டிலும் ஆம்பு பை. வாங்கியதிலிருந்து நிமோனியாவுக்காக ஒரே ஒரு முறைதான் மருத்துவமனையில் சேர்ந்தேன். நுரையீரலில் காற்றுக் கொப்புளம் உள்ளவர்களும், முன்பு நுரையீரல் சுருங்கி நெஞ்சில் குழாய் வைத்தவர்களும் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. எங்களில் ஒருவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டிய பின்புதான் தொடங்கினார்.

மெலட்டோனின் மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இருட்டியதும் உறக்கத்தைக் கூட்டிவரும் இந்தச் சுரப்பு மூளைக்குள்ளேயே சுரந்தாலும், அதற்கான நரம்புச் செய்தி மூளையிலிருந்து கழுத்துத் தண்டுவடம் வழியாக மார்பு மட்டம்வரை இறங்கி, அங்கிருந்து மறுபடி மேலே ஏறித்தான் சுரப்பியை அடைகிறது. கழுத்தில் தண்டுவடம் முழுமையாக அறுபட்டால் அந்தச் சுற்றுவழியும் அறுபட்டு, இரவில் அது சுரப்பதே நின்றுபோகிறது. மருத்துவர் சொன்னபடி 3 மில்லிகிராம் எடுக்கிறேன். முன்பு ஒரு மணிக்குமேல் வந்த தூக்கம் பதினொன்றரைக்கு வருகிறது. நிற்கும் மூச்சுக்கு இது எதுவும் செய்யாது. ஆனால் வழக்கமான தூக்க மாத்திரைகளை ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அவை ஏற்கெனவே தளர்ந்த மூச்சை இன்னும் அமுக்குபவை. மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்க்காமல் எனக்கு ஆறு ஆண்டுகள் அவற்றை எழுதிக்கொடுத்தார்கள்.

இயந்திரம் இல்லாமல் மூச்சு விடவைக்கும் புதிய சிகிச்சை எதுவும் இல்லையா என்று உறவினர்கள் கேட்பார்கள். இருக்கிறது, எனக்கு இல்லை. உதரவிதானத்தில் வயிற்றுத் துளைவழி நான்கு மின்முனைகளை, பக்கத்துக்கு இரண்டாக வைத்து, வெளியிலுள்ள சிறு கருவியிலிருந்து மின்துடிப்பு அனுப்பி மூச்சு இழுக்க வைக்கும் நியூரெக்ஸ் என்ற முறையை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இல் தண்டுவடக் காயத்துக்கு அனுமதித்தது. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோஃபர் ரீவுக்கு 2003இல் கிளீவ்லாந்தில் இதைப் பொருத்தினார்கள். அவருக்குக் காயம் சி1, சி2 மட்டத்தில். மூளையின் கட்டளைதான் அறுந்ததே தவிர, அதற்குக் கீழே உதரவிதான நரம்பு உயிருடன் இருந்தது. என்னைப் போல அந்த நரம்பு புறப்படும் இடத்திலேயே அடிபட்டவருக்கு, செத்துப்போன நரம்பணுக்கள் மின்துடிப்புக்குப் பதில் சொல்லா. முழுநேர வென்டிலேட்டரில் இருக்கும் உயர்மட்டக் காயக்காரர்கள் முதலில் நரம்புச் சோதனை செய்து கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று இது. பொருத்திய பின்னும் உறக்கத்தில் தொண்டை மூடிக்கொள்ளலாம், ஏனென்றால் மின்துடிப்பு உதரவிதானத்துக்குத்தான் போகிறது, தொண்டைக்கு இல்லை.

முதுகுத்தண்டின் கீழ் மார்பு மட்டத்தில் மின்முனை வைத்து, பொத்தானை அழுத்தினால் இருமல் வரச்செய்யும் முறையை அதே கிளீவ்லாந்தில் மருத்துவர் ஆன்டனி டிமார்கோ குழுவினர் பல ஆண்டுகளாகச் சோதித்துவருகிறார்கள். கையால் அழுத்த ஆள் இல்லாதவருக்கு அது என்ன விடுதலை என்பது எனக்குத் தெரியும். நான் காத்திருப்பது அதற்காகவே. ஆக்சிஜன் குறைந்த காற்றை, சுமார் 9 சதவீதம் அளவில், ஒன்று ஒன்றரை நிமிடம் வீதம் 15 தடவை இடைவிட்டுச் சுவாசிக்கச் செய்து, பிழைத்த நரம்பு இணைப்புகளை வலுப்படுத்தும் ஆராய்ச்சியும் நடக்கிறது. காயம் முழுமையாக இல்லாதவர்களிடம்தான் அதில் நம்பிக்கை தெரிகிறது. இது ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் செய்ய வேண்டியது. இரவெல்லாம் ஆக்சிஜன் இறங்கி ஏறிக்கொண்டிருந்த எனக்கு அதனால் எந்தத் தசையும் வலுவாகவில்லை என்று மருத்துவரிடம் சொன்னபோது, அளவும் நேரமும்தான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கின்றன என்று விளக்கினார்.

மாஸ்க் பற்றி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஐப்பசி மழையில் மூக்கு முழுதாக அடைத்துவிட்டால் மூக்கு மாஸ்க்கால் பயனில்லை. பெரிய மாஸ்க்தான் கதி. என்னால் முழங்கையை மடக்க முடியும், விரல்களும் மணிக்கட்டும் இயங்கா. அதனால் வயிற்றுப் பட்டையை வெட்டித் தந்த அதே தையற்காரரிடம் மாஸ்க்கின் பக்கவாரில் காலணி வளையம் போல ஒரு துணி வளையம் வைத்துத் தைக்கச் சொன்னேன். அதில் முன்கையை நுழைத்து மடக்கி இழுத்தால் ஒட்டுப்பட்டை பிரிந்து மாஸ்க் கன்னத்துக்கு நகர வேண்டும். பகலில் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து முறை சோதித்துப் பார்த்தார். நான்கு முறை கழன்றது. ஐந்தாம் முறை வளையம் தலையணைக்கும் காதுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. "அப்போ நான் முழிச்சிருக்கிற நேரம் மட்டும்தாங்க இது" என்று சொல்லிப் பெரிய மாஸ்க்கை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். தையற்காரர் வளையத்தை இன்னும் இரண்டு விரற்கடை முன்னால் தள்ளித் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.